இரண்டாவது பட்டன் இல்லாத கோட்டு

தனக்கு வேலை கிடைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டது என்பது கடைத்தெரு இ-சேவை மையத்தில் வைத்துத்தான் ஷர்லிக்குத் தெரியவந்தது.

அவள் அங்கே போனது வேலை இல்லை என்று சான்றிதழ் வாங்க. கைரேகை இயந்திரம் மூன்று தடவை அவள் விரலை வேண்டாம் என்றது. நண்டு உரிக்கிற பெண்களின் விரல் அதற்கு எப்போதுமே ஆகாது. ஓடு கீறிக் கீறி ரேகையெல்லாம் தேய்ந்துபோயிருக்கும். நான்காவது தடவை, இடது கை மோதிர விரலுக்கு, போனால் போகிறது என்பதுபோல் பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த சரண்யா திரையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு ஷர்லியைப் பார்த்துச் சிரித்தாள்.

“அக்கா, நீங்க வேலையில இருக்கீங்களே.”

“எந்த வேலையில?”

“விராலிமலையில. தையல் கம்பெனி. மெஷின் ஆபரேட்டர்னு போட்டிருக்கு. சேந்து ரெண்டு வருசம் ஆச்சாம். ஒரு வார்த்தை சொல்லவே இல்லையேக்கா.”

“ஏன் சரண்யா, நேத்துச் சாயங்காலம் ஐஸ் கம்பெனி வாசல்ல நின்னு உங்கூடப் பேசிக்கிட்டிருந்தேன்ல? ஜெகதாப்பட்டினத்துல இருந்து விராலிமலைக்கு நான் தெனம் எதுல போயிட்டு வாரேன், பறந்தா?”

“அது எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியலையே.”

சரண்யா இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். மனு உள்ளேயே போகவில்லை. சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது: மனுதாரர் பணியில் உள்ளார்.

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு அரசாங்கம் மானியத்தோடு கடன் கொடுக்கிறது. அதற்கு முதல் தகுதி, வேலை இல்லாமல் இருப்பது. பி.காம் முடித்துப் பத்து வருடத்தில் எந்தத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, இந்த ஒன்று மட்டும் தன்னிடம் குறைவில்லாமல் இருக்கிறது என்று ஷர்லி நம்பியிருந்தாள். இப்போது அதுவும் போயிற்று.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. நண்டு அவித்துச் சதை எடுக்கிற ஒரு கொட்டகை. இரண்டு அண்டா, எட்டுப் பெண்கள் உட்கார ஒரு ஸ்டீல் மேசை, பெரிய ஐஸ் பெட்டி. காலையில் நண்டு வாங்க, ஐஸ் பிடிக்க, பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்ப ஓர் ஆள். அந்த ஆள் அவள் கணவன் ஜஸ்டின். சொல்லப்போனால் அந்த ஓர் ஆளுக்காகத்தான் மற்ற எல்லாமே.

ஜஸ்டின் விசைப்படகில் போகிறவன். போன வருடம் எல்லை தாண்டினார்கள் என்று படகோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அக்கரைச் சிறையில் நாற்பத்தொரு நாள். திரும்பி வந்தவன் அங்கே நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே ராத்திரிச் சோற்றைச் சாயங்காலம் நாலு மணிக்கே கொடுத்துவிடுவார்களாம். அதை மட்டும் சொன்னான். இன்றைக்கும் சரியாக நாலு மணிக்கு அவனுக்குப் பசிக்கிறது. யார் வீட்டில் இருந்தாலும், கல்யாணப் பந்தலில் இருந்தாலும், நாலு மணிக்கு எழுந்து தட்டைத் தேடுவான். அந்த நாலு மணியைத்தான் ஷர்லியால் பார்க்க முடியவில்லை.

“கொட்டகை போட்டுட்டா நான் படகுல கால் வைக்க மாட்டேன்” என்று சொல்லியிருந்தான். “தடைக்காலம் முடியிறதுக்குள்ள போட்ரு. முடிஞ்சிருச்சுன்னா முதலாளி கூப்புடுவாரு. அப்ப என்னால முடியாதுன்னு சொல்ல முடியாது.”

விசைப்படகுகளுக்கு மட்டுமான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் பாதியில் முடிகிறது. அறுபத்தொரு நாள். படகுகளெல்லாம் துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சும்மா நிற்கின்றன. அதில் இருபது நாள் ஏற்கெனவே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, அரிசியைக் களைந்து உலையில் போடும்போதுதான் அந்த வேலை தனக்கு எப்படிக் கிடைத்தது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டு, “அடப் பாவிகளா, அந்தக் கோட்டு!” என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தடைக்காலம். கடல் தொழில் இல்லாத நாளில் பெண்களுக்கு வேலைவாய்ப்பு உண்டாக்க வேண்டும் என்று தையல் பயிற்சி கொண்டுவந்தார்கள். மாதா கோயில் மண்டபத்தில் நாற்பத்தைந்து நாள். இருபத்தெட்டுப் பெண்களுக்கு ஆறு மெஷின், அதில் ஓடியது இரண்டு. நூல் வரவில்லை. அதனால் முதல் இருபது நாளும் நூலில்லாமல் பழைய பேப்பரில் தைத்தார்கள். பேப்பரில் ஓட்டை விழும். ஓட்டை நேராக விழுந்தால் நன்றாகத் தைத்திருக்கிறாய் என்று அர்த்தம். கடைசி நாள் ஒரு பஸ் வைத்து விராலிமலைக்குக் கூட்டிப்போனார்கள். மயில் பார்த்தார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள். ஒரு தொழிற்சாலை வாசலில் நிறுத்தி, கம்பெனியின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகப் படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இருந்தது ஒரே ஒரு கோட்டு. ஒருத்தி கழற்றி அடுத்தவளிடம் கொடுக்க, அவள் மாட்டிக்கொண்டு நிற்க, இருபத்தெட்டுப் பேரும் அதே கோட்டுக்குள் புகுந்து வந்தார்கள். யாரோ குட்டையானவளுக்குக் கை மூடிப்போக, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு தாள் வந்தது. கையெழுத்துப் போட்டார்கள்.

தடைக்காலத்தில் அந்த ஊருக்குள் யார் தாளோடு வந்தாலும் ஜனங்கள் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நிவாரணத்துக்கு ஒன்று, கணக்கெடுப்புக்கு ஒன்று, அட்டை நகலுக்கு ஒன்று. எந்தத் தாளில் போடாமல் விட்டோமோ அந்தத் தாளில்தான் பணம் வந்திருக்கும் என்பது ஊர் அனுபவம். அதனால் யாரும் படிப்பதில்லை. படித்திருக்க வேண்டியவள் ஷர்லி. அந்தக் கூட்டத்தில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். “நீங்கதான் கிளாஸ் லீடர்” என்று பயிற்சி நடத்தியவர் பேனாவை அவள் கையில் கொடுக்க, பெருமை தாங்காமல் இருபத்தெட்டுப் பேருடைய தாளையும் தன் முத்துமுத்தான கையெழுத்தில் அவளே நிரப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் செவந்தி வந்தாள். ஊரில் இருக்கிற நண்டுக் கொட்டகையில் ஷர்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூலிக்கு உரிக்கிறவள். புருஷன் செத்து ஆறு வருடம். விதவை உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை என்று இத்தனை நாளும் பேங்க்காரனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒனக்கு விசயம் தெரியுமா புள்ள? பேங்க்ல தப்பு இல்லையாம். நான் விராலிமலையில சம்பளம் வாங்குறேனாம். அதுனால நிப்பாட்டிட்டாகளாம்.”

“தெரியும்க்கா. நானும் அங்கதான் வேலை பாக்குறேன்.”

“நீயுமா?” செவந்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். “அப்ப ரெண்டு வருசமா ஒரே கம்பெனியில இருக்கோம், ஒரு நாள்கூடப் பாத்துக்கலையே.”

ஷர்லிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் செவந்தி அடுத்துச் சொன்னது சிரிக்கிற மாதிரி இல்லை. வேலையில் இருந்துகொண்டே உதவித்தொகை வாங்கியிருந்தால் இரண்டு வருடத் தொகையையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். வேலையில் சேரவே இல்லை என்று கம்பெனியிடம் எழுதி வாங்கி வந்தால் விட்டுவிடுவார்களாம்.

இரண்டு பேரும் புறப்பட்டார்கள். காசு கொடுத்து டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று செவந்தி ஒற்றைக் காலில் நின்றதால், பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸாகப் பார்த்து மாறி மாறி ஏறினார்கள். ஆவுடையார்கோவிலில் ஒன்றை விட்டு இன்னொன்று, அறந்தாங்கியில் மற்றொன்று. புதுக்கோட்டை போய்ச் சேரும்போது வெயில் மண்டையைப் பிளந்தது.

பயிற்சி நிறுவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது. பயிற்சி நடத்திய பிரவீன்குமார் அவர்களை உடனே அடையாளம் கண்டுகொண்டான்.

“வாங்க லீடர் மேடம்! எப்படிப் போகுது வேலை?”

“எந்த வேலை சார்?” என்றாள் ஷர்லி.

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு ஒரு நொடி எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் ஷர்லிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் சத்தம் போடலாம்.

“மேடம், பயிற்சி முடிச்சவங்கள்ல நூத்துக்கு எழுபது பேருக்கு வேலை குடுத்துட்டோம்னு காட்டுனாத்தான் எங்களுக்குக் கடைசிப் பணம் ரிலீஸ் ஆகும்.”

“எழுபதுதானே? நாங்க இருபத்தெட்டுப் பேரும் ஏன் சார் இருக்கோம்?”

“நல்ல பேட்ச் மேடம் உங்களோடது.”

செவந்தி ஷர்லியின் காதில், “பாராட்டுறாரு புள்ள” என்றாள்.

“சரி, அழிச்சிருங்க” என்றாள் ஷர்லி. “நாங்க வேலையில சேரலைன்னு மாத்திப் போடுங்க.”

“ஏத்தத்தான் முடியும் மேடம். அழிக்கிறதுக்கு ஆப்ஷன் கெடையாது. ஆனா ஒண்ணு செய்யலாம்.” பிரவீன்குமார் குரலைத் தாழ்த்தினான். “நீங்க வேலைய ராஜினாமா பண்ணலாம்.”

“இல்லாத வேலையவா?”

“அதுல இருக்குல்ல மேடம். கம்பெனி விடுவிப்புக் கடிதம் குடுத்தா நான் ஏத்திருவேன். அன்னைக்கே வேலை இல்லாதவங்களா ஆயிருவீங்க. அழகா முடிஞ்சிரும்.” படியிறங்கும்போது கூடவே வந்தான். “எம்மேல கோவப்படாதீங்க. உங்க இருபத்தெட்டுப் பேருக்கு வேலை போட்டுக் குடுத்தேன். எனக்கே இங்க வருசா வருசம் கான்ட்ராக்ட்தான். நாலு மாசமாச் சம்பளம் இல்ல.”

“அப்ப விராலிமலைக்கு வாங்க தம்பி, சேத்துவிடுறோம்” என்றாள் செவந்தி.

விராலிமலை போகிற பஸ்ஸில் செவந்தி ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். ஷர்லிக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இன்னொரு ஷர்லியைப் பற்றியே நினைப்பு ஓடியது. இரண்டு வருடமாக விராலிமலையில் இருக்கிறாளே, அவள். விடிய ஐந்து மணிக்கு ஹாஸ்டலில் எழுந்து, தலைமுடியைச் சேர்த்துக் கட்டி, டிபன் பாக்ஸ் எடுத்துக்கொண்டு, நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறவள். அவள் விரலில் கீறல் இருக்காது. கைரேகை இயந்திரம் முதல் தடவையே அவளை உள்ளே விடும். மாதம் பிறந்தால் சம்பளம். யாரையும் எந்தச் சிறையிலும் போய்த் தேட வேண்டியதில்லை. முதலில் அவள்மேல் பொறாமையாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. பேர் இவளுடையது, கையெழுத்து இவளுடையது, வாழ்கிறது மட்டும் அவளா?

கம்பெனியில் வரவேற்பறைப் பெண் அவர்களை மனிதவளப் பிரிவில் இருந்த மோகனப்ரியாவிடம் அனுப்பினாள். கண்ணாடி போட்ட, வேலைப்பளுவில் வாடிய முகம். பெயரைக் கேட்டு, வருகைப் பதிவைத் தேடி, நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க இங்க வேலை பாக்கலையே.”

ஷர்லிக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. “அதைத்தான் மேடம் எழுதிக் கேக்குறேன்.”

“அதை எழுதித் தர முடியாதுங்க.”

“நீங்களே இப்பச் சொன்னீங்களே மேடம்.”

“சொல்றது வேற, லெட்டர்ஹெட்ல குடுக்குறது வேற.” மோகனப்ரியா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “உள்ளூர்ப் பொம்பளைகளுக்கு வேலை குடுத்தா கம்பெனிக்குச் சலுகை உண்டு. நான் சேர்றதுக்கு முந்தியே உங்க லிஸ்ட்டக் காட்டி வாங்கிட்டாங்க. இப்பச் சேரவே இல்லைன்னு நான் எழுதுனா எனக்கு வேலை போயிரும். ரெண்டு மாசம் வேலை பாத்தீங்க, சொந்தக் காரணத்தால விலகிட்டீங்கன்னு வேணும்னா இப்பவே தாரேன்.”

“எனக்கு அது ஆகாதும்மா” என்றாள் செவந்தி. “வேலை பாத்தேன்னு ஆச்சுன்னா வாங்குன பென்சனைத் திருப்பிக் கேப்பாக. நான் சேரலைன்னு எனக்கு மட்டும் எழுதிக் குடுங்க.”

“லிஸ்ட்டு ஒண்ணுதானேக்கா. ஒருத்தர் சேரலைன்னா இருபத்தெட்டுப் பேரும் சேரலைன்னு ஆயிரும்.”

பத்தே நிமிடத்தில் ஷர்லியின் கடிதம் வந்துவிட்டது. வாழ்நாளில் எந்த ஆபீசும் அவளுக்கு இத்தனை சீக்கிரம் எதையும் கொடுத்ததில்லை. திருமதி ஷர்லி எங்கள் நிறுவனத்தில் நேரந்தவறாமையுடனும் ஈடுபாட்டுடனும் பணியாற்றினார் என்று இருந்தது. அவருடைய விலகல் எங்களுக்கு இழப்பு என்றும் இருந்தது.

“என்னமா எழுதியிருக்காக” என்றாள் செவந்தி. கடிதத்தை மடித்து ஷர்லியின் பைக்குள் அவளே வைத்தாள்.

வெளியே வந்தபோது ஷிப்ட் விட்டார்கள். நீலக் கோட்டுப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வாசலைத் தாண்டிப் போனார்கள். ஷர்லி, வெட்கமாக இருந்தாலும், ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அந்தக் கடிதத்தைப் பிரவீன்குமாருக்கு அனுப்பவா வேண்டாமா என்று ஐந்து வாரம் அலமாரியிலேயே வைத்திருந்தாள். அனுப்பினால் செவந்தி உட்பட லிஸ்ட்டில் இருக்கிறவர்களெல்லாம் நிஜமாகவே வேலை பார்த்தவர்கள் ஆகிவிடுவார்கள். அனுப்பாவிட்டால் கடன் இல்லை. நடுவில் செவந்தி தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து நண்டு உரித்துவிட்டுப் போனாள். கடிதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. சான்றிதழோ விலகல் கடிதமோ நேர்முகத் தேர்வு அன்று கொடுத்தால் போதும் என்று சரண்யா விசாரித்துச் சொல்லி, கடன் மனுவையும் போட்டுக் கொடுத்தாள். தேர்வுத் தேதி ஜூன் பன்னிரண்டு. தடைக்காலம் முடிய இரண்டு நாள்.

“கெடைச்சிருமா?” என்று ஜஸ்டின் கேட்டான். படகில் பெயின்ட் அடித்துவிட்டு வந்திருந்தான். முதலாளி கூப்பிட ஆரம்பித்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்தது.

“கெடைக்கும்” என்றாள். அலமாரியிலிருந்து கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள். கூடவே, விராலிமலையில் எடுத்ததை ஒவ்வொருத்தி போனிலிருந்தும் சேர்த்து, சரண்யாவிடம் அச்செடுத்து வாங்கிய இருபத்தெட்டுக் கோட்டுப் படங்களையும் வைத்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

செவந்தியும் துணைக்கு வந்தாள். காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்ன இடத்தில் அறுபத்து மூன்று பேர் நின்றார்கள். ஷர்லியின் பெயரை இரண்டே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தேர்வுக் குழுத் தலைவி அருணா மேடம். அவருக்கு வலப்பக்கம் வங்கி மேலாளர் உடையப்பன். இடப்பக்கம் இருந்தவர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நாலு கிலோ நண்டுக்கு ஒரு கிலோ சதை, முதுகுச் சதைக்கு ஒரு விலை, கால் சதைக்கு ஒரு விலை என்று ஷர்லி மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தாள். நண்டைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

“ஏம்மா, தையல் கம்பெனியில ரெண்டு வருசமா வேலையில இருக்கீங்கன்னு காட்டுது” என்றார் உடையப்பன், திரையைப் பார்த்தபடி.

“விலகியாச்சா? கடிதம் இருக்கா?” என்று கேட்டார் அருணா.

ஷர்லி பையைத் திறந்தாள். கடிதத்தின் முனை விரலில் பட்டது.

“விலகியிருந்தாலும் பரவாயில்ல” என்று உடையப்பன் தொடர்ந்தார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். “அனுபவம் இருக்குல்ல? பேசாம நீங்க தையல் யூனிட் போடுங்களேன். பேங்க்ல நான் ஈசியாப் பாஸ் பண்ணிருவேன். நண்டு எல்லாம் சீசன் தொழில்மா. அதுல உங்களுக்கு என்ன அனுபவம் இருக்கு?”

அதுவரை ஷர்லி பொறுமையாகத்தான் இருந்தாள். இ-சேவை, மாடிப்படி, ஏழு டவுன் பஸ், இழப்புக் கடிதம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வந்தவள், அந்த ஒரு கேள்வியில் பொறுமை இழந்தாள். பையிலிருந்து கையை எடுத்தாள். கடிதம் உள்ளேயே இருந்தது. இரண்டு கையையும் விரித்து மேசைமேல் வைத்தாள். விரல் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெட்டுத் தழும்பு.

“இது நண்டு அனுபவம் சார். ஒம்பது வயசுல இருந்து. இதுனால என் ரேகைகூட எடுக்க மாட்டேங்குது உங்க மெஷின். தையல் அனுபவம் கேட்டீங்கள்ல, இந்தாங்க.” படங்களை எடுத்து அவர் முன்னால் பரப்பினாள். “இது நான். இது வெளிய உக்காந்திருக்கிற செவந்தி அக்கா. இது எங்க சித்தி. கோட்டப் பாருங்க சார். மேல இருந்து ரெண்டாவது பட்டன் இல்ல. அந்த எடத்துல ஒரு ஊக்கு குத்தியிருக்கா? அடுத்த படம் பாருங்க, அதே ஊக்கு. அதுக்கு அடுத்தது? இருபத்தெட்டுப் பேருக்கும் அதே ஊக்குத்தான். ஒரு பட்டன் தைக்கத் தெரிஞ்சவ ஒருத்தி அங்க வேலை பாத்திருந்தாகூட அதத் தைச்சிருப்பா!”

போன் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அருணா ஒவ்வொரு படமாக எடுத்து ஊக்கைப் பார்த்தார். பதினோராவது படத்தில் அவர் உதடு கோணியது. சிரிப்பை அடக்குகிறாரா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

“இது யூனிபார்ம்தானே மேடம். எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும்” என்றார் உடையப்பன்.

“ஊக்குமா சார்?” என்றார் அருணா. பிறகு ஷர்லியிடம் திரும்பினார். “இங்க பாரும்மா. நீ சொல்றதை நான் நம்புறேன். ஆனா சேரவே இல்லைன்னு நீ எழுதிக் குடுத்தா அது புகார். விசாரணை முடியிறவரைக்கும் உன் மனு நிக்கும். எத்தனை மாசம்னு நான் சொல்ல முடியாது. விலகிட்டேன்னு கடிதம் குடுத்தியானா இப்பவே டிக் பண்ணிருவேன். வெளிய போயி அஞ்சு நிமிசம் யோசிச்சிட்டு வா. அடுத்த ஆளக் கூப்புடுங்க.”

வெளியே பெஞ்சில் செவந்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“சத்தம் இங்கிட்டு வரைக்கும் கேட்டுச்சு. என்ன சொன்னாக?”

ஷர்லி சொன்னாள். செவந்தி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள்.

“கடுதாசியக் குடுத்துரு புள்ள.”

“குடுத்தா நீங்க ரெண்டு வருசக் காசு கட்டணும்.”

“கட்டச் சொன்னா எங்கிட்ட என்ன இருக்கு, இந்தச் செருப்பத் தூக்கிட்டுப் போவானா? ஒனக்கு ஆளு உசுரு. மூணு நாள்ல ஜஸ்டின் போயிரும்.”

“தெரியுதுக்கா.”

“தெரிஞ்சா குடு.”

“எத்தனை தடவைக்கா பொய்யா எழுதுறது?” ஷர்லியின் குரல் உடைந்தது, அழுகையில் இல்லை, ஆத்திரத்தில். “சேந்தேன்னு ஒரு தடவை நான்தான் எழுதுனேன். உங்க தாளையும் என் கையாலதான் எழுதுனேன். இப்ப விலகிட்டேன்னு எழுதணும். நாளைக்கு என்னன்னு எழுதச் சொல்வாங்க, செத்துட்டேன்னா?”

“கத்தாத. எல்லாரும் பாக்குறாக.”

“பாக்கட்டும்.”

பக்கத்தில் நின்ற ஒரு பையனிடம், எழுத ஒன்றும் நகலுக்கு ஒன்றுமாக, இரண்டு வெள்ளைத் தாள் கடன் வாங்கினாள். பெஞ்சின் முனையில் பையை வைத்து அதன்மேல் தாளை வைத்தாள். அந்த முத்துமுத்தான கையெழுத்தில் எழுதத் தொடங்கினாள். கீழ்க்கண்ட இருபத்தெட்டுப் பேரும் மேற்படி நிறுவனத்தில் ஒருநாளும் பணியில் சேரவில்லை. பிறகு பெயர்கள். லிஸ்ட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய அதே வரிசை கையிலேயே இருந்தது. பன்னிரண்டாவதாகச் செவந்தி. கடைசியில் தன் பெயர். அதை எழுதும்போது அந்த விராலிமலை ஷர்லி டிபன் பாக்ஸோடு வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பதுபோல் ஒரு கணம் தோன்றியது. போ, என்று நினைத்துக்கொண்டாள்.

அருணா தாளை முழுக்கப் படித்தார். “நல்ல கையெழுத்து” என்றார். ஷர்லியின் மனுவை எடுத்துப் பக்கத்தில் இருந்த கட்டின்மேல் தனியாக வைத்தார். “தபால் பிரிவுல குடுத்து நம்பர் வாங்கிக்க. நம்பர் இல்லாமப் போயிராத.”

தபால் பிரிவில் இருந்தவர் வாங்கிப் பார்த்தார். “குடுத்துட்டீங்கள்ல, போங்க. நாங்க பாத்துக்கிறோம்.”

“நகல்ல சீல் போட்டு நம்பர் குடுங்க சார்.”

“சீல் வச்சிருக்கிறவர் டீ குடிக்கப் போயிருக்காரு.”

“வரட்டும். இருக்கோம்.”

“நேரமாகுமே.”

“எங்களுக்கு வேலை இல்ல சார்” என்றாள் ஷர்லி. “அதைத்தான் அந்தத் தாள்ல எழுதியிருக்கேன்.”

செவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேரும் தபால் பிரிவு வாசலிலேயே, உள்ளே போகிறவர்கள் வருகிறவர்கள் காலுக்குக் குறுக்கே, சுவரோரம் உட்கார்ந்தார்கள்.

போன் அடித்தது. ஜஸ்டின். திரையில் நேரத்தைப் பார்த்தாள்: நாலு மணி தாண்டி இரண்டு நிமிடம்.

“சாப்புட்டீங்களா?” என்றாள் முதலில்.

“இந்தா, தட்டுலதான் கை. என்னாச்சு?”

அவள் சொன்னாள். மறைக்காமல், சுருக்கமாக. அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது. துறைமுகத்தில் யாரோ இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறார்கள், அது கேட்டது.

“முதலாளி கடலுக்குப் போக டோக்கன் போடப் போறாராம். பதினஞ்சாந் தேதி காலையில” என்றான் கடைசியில். “நான் என்ன சொல்லட்டும்?”

அவன் திட்டியிருந்தால் அவளும் திட்டியிருப்பாள். ஷர்லி எதிர்ச்சுவரைப் பார்த்தாள். புன்னகைக்கிற பெண்கள் வரிசையாக மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் விளம்பரத் தட்டி ஒன்று அங்கே மாட்டியிருந்தது. அவள் கண் தன்னை அறியாமல் அவர்களுடைய கோட்டில் பட்டன் எண்ணியது.

“போயிட்டு வாங்க” என்றாள். “எல்லைக்கு இங்கிட்டே நில்லுங்க. அவரு சொன்னாலும் தாண்டாதீங்க, சண்டை போடுங்க. கேக்குதா?”

“கேக்குது.”

“உங்க பங்குல நண்டு வந்தா ஏலத்துல விட்டுறாதீங்க. வீட்டுக்குக் கொண்டாங்க. விசாரணைக்கு ஆளு வாரன்னைக்கு எனக்கு நண்டுல என்ன அனுபவம்னு கேப்பான். அவன் கண்ணு முன்னால அவிச்சு உரிச்சுக் காட்டணும்.”

“அவன் வாரப்ப நான் கடல்ல இருப்பேனே.”

“அப்ப நீங்க வர்ற வரைக்கும் நான் அவன உக்கார வச்சிருக்கேன்” என்றாள் ஷர்லி. “இப்பச் சாப்புடுங்க, ஆறிப்போகுது.”

போனை வைத்தபோது, டீ குடிக்கப் போனவர் படியில் ஏறி வந்துகொண்டிருந்தார். வழியில் யாரோ கூப்பிட, மறுபடி இறங்கிப் போனார். செவந்தி எழுந்து செருப்பை மாட்டினாள்.

“எங்கக்கா?”

“அந்தாள் கையப் புடிச்சுக் கூட்டியாறேன்” என்றாள் செவந்தி. “அந்தத் தாள்ல நம்பர் பன்னெண்டு நாந்தானே?”